ஏழு நாளும் மின்னல் படமா? வானிலை பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தையில் (இன்றைய பெஸ்தாரி ஜெயா) எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, மகள் வளைகாப்புக்கு வாசலில் கனோப்பி (கூடாரப் பந்தல்) போடச் சொல்லியிருந்தார். நான்கு நாள் முன்னதாகக் கைப்பேசியைத் திறந்து பார்த்தால் ஏழு கட்டத்திலும் கருமேகமும் மின்னலும். பயந்துபோய்க் கனோப்பியை வேண்டாமென்று சொல்லி, ஓடி ஓடி மண்டபம் தேடினார். கொடுத்த முன்பணமும் போயிற்று. ஞாயிறு காலை பத்து மணிக்குச் சடங்கு, ஒரு மணிக்கெல்லாம் பந்தி முடிந்தது. அதுவரை சுள்ளென்று வெயில். மழை பிடித்தது மாலை நாலரைக்கு. "இவங்க சொல்றதெல்லாம் பொய்" என்று அக்காவுக்கு இன்னும் ஆதங்கம்.

பொய் இல்லை. அன்றைக்கு மழை வரும் என்றார்கள், வந்தது. எந்த வேளையில், எத்தனை இடத்தில் என்பதைத்தான் பார்க்காமல் விட்டோம்.

மலேசிய வானிலை ஆய்வுத் துறையான மெட் மலேசியாவின் ஏழு நாள் முன்னறிவிப்பு ஒரு நாளைக் காலை, பிற்பகல், இரவு என்று பிரித்துச் சொல்கிறது. கூடவே மலாயில் இரண்டு மூன்று சொற்கள் வரும். 'சத்து டுவா தெம்பாட்' என்றால் ஓரிரு இடங்களில். 'பெபெராப்பா தெம்பாட்' என்றால் சில இடங்களில். 'கெபாஞ்ஞாக்கான் தெம்பாட்' என்றால் பெரும்பாலான இடங்களில். படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது எதுவும் கண்ணில் படாது. அதோடு, நம் கோல சிலாங்கூர் மாவட்டத்துக்கென்று வரும் முன்னறிவிப்பு கடலோரக் கம்பத்துக்கும் (கிராமத்துக்கும்) சேர்த்துத்தான், உள்ளே தள்ளி இருக்கும் நம் தோட்டங்களுக்கும் சேர்த்துத்தான்.

நம் ஊர் மாலை மழை உருவாகும் விதம் தெரிந்தால் இந்தச் சொற்களின் அருமை புரியும். காலை வெயிலில் தரை காய்கிறது. ஈரக்காற்று சூடாகி மேலே எழுகிறது. பகலில் மலாக்கா நீரிணையிலிருந்து கடற்காற்று உள்ளே வந்து அதற்கு இன்னும் ஈரம் சேர்க்கிறது. மேலே போகப் போகக் காற்று குளிர்ந்து நீராவி துளியாகிறது. துளியாகும்போது வெளிப்படும் வெப்பம் மேகத்தை மேலும் தூக்குகிறது. மதியம் இரண்டு மூன்று மணிக்குள் அந்த மேகம் 10 கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்துவிடும். பிறகு மழையோடு குளிர்ந்த காற்று தடதடவென்று கீழே இறங்கும். செம்பனை மட்டைகள் திடீரென்று சலசலத்து, உடம்பில் சில்லென்று படுமே, அதுதான். இப்படி ஒரு மேகத்தின் ஆட்டம் பெரும்பாலும் ஒரு மணி நேரம். அகலமும் சில கிலோமீட்டர்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும், பசாரில் ஒரு சொட்டு இருக்காது.

அது எந்தத் தோட்டத்தின் தலைமேல் திரளும் என்று ஐந்து நாள் முன்னால் யாராலும் சொல்ல முடியாது. வார முன்னறிவிப்பில் போக்கைப் பாருங்கள். முடிவை முதல் நாள் மாலையும் அன்று காலையும் பார்த்து எடுங்கள். இடிமழை எச்சரிக்கை கடைசி நேரத்தில்தான் வருகிறது என்று குறை சொல்வதும் சரியில்லை. அது குறுகிய கால எச்சரிக்கை, ஒருமுறை வெளியிட்டால் ஆறு மணி நேரத்துக்கு மேல் செல்லாது.

இன்னொரு தவறு, தொலைக்காட்சியில் கிழக்குக் கரையில் உள்ள கிளந்தான் வெள்ளத்தைப் பார்த்துவிட்டு நமக்கும் அதுதான் மழைக்காலம் என்று எண்ணுவது. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றை தித்திவாங்சா மலைத்தொடர் பெருமளவு தடுத்துவிடுகிறது. நமக்குப் பலத்த மழை பருவக்காற்று மாறும் ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும்தான். அதற்காக டிசம்பரில் அசட்டையாக இருந்துவிடவும் கூடாது. 2021 டிசம்பரில் சிலாங்கூரே மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

காலையில் இடிமழை வராது என்று நம்புவது அதைவிட ஆபத்து. அம்மா பால்மரம் வெட்டிய (ரப்பர் பால் எடுத்த) காலத்தில் விடியுமுன் எழுந்து, முதல் வேலையாக லயத்துக்கு (தோட்டக் குடியிருப்பு வரிசைக்கு)ப் பின்னால் இருந்த மரத்தின் பட்டையைத் தடவிப் பார்ப்பார். பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காது, மரமெங்கும் பரவி வழிந்துவிடும், பால் பிடிக்கும் மங்குக்கு வந்து சேராது. தடவிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுத்து மேற்கே பார்ப்பார். சத்தமில்லாமல் வானம் மின்னிக்கொண்டிருந்தால், "சுமத்ரா காத்து வருது, துணிய எடு" என்பார். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, இது அடிக்கடி நடக்கும். இரவில் சுமத்ரா பக்கமும் நீரிணை மேலும் திரளும் மேகங்கள் ஒரே வரிசையாகக் கிழக்கே நகர்ந்து, விடியலை ஒட்டிக் கரையேறும். தகரக் கூரையைத் தூக்கும் காற்று முதலில், மழை அதன் பின்னால். முன்னறிவிப்பில் 'காலை' என்ற கட்டத்தில் இடி போட்டிருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

புகைமூட்டத்தைப் பனிமூட்டம் என்று தள்ளிவிடாதீர்கள். பனி வெயில் ஏறியதும் கலையும், புகை கலையாது, கரி நெடியும் வரும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் உடல்நலத்துக்குக் கேடு. எல்லாம் இந்தோனேசியாவிலிருந்து வருவதென்றும் சொல்ல முடியாது. பக்கத்திலேயே ராஜா மூசா காட்டின் கரிச்சதுப்பு மண்ணும் வறட்சியில் எரிந்திருக்கிறது.

எனக்குப் பெரிய கவலை மின்னல்தான். மழை விழுந்த பிறகு ஒதுங்கலாம் என்று திடலில் பையன்கள் பந்தாடிக்கொண்டே இருக்கிறார்கள். மழைக்கு 10 கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் இறங்கும். மின்னலைக் கண்டு 30 வினாடிக்குள் இடி கேட்டால் அது அந்தத் தூரத்துக்குள் வந்துவிட்டது என்று பொருள். ரப்பர் காலணி காப்பாற்றாது. மரத்தடியும் இரும்புக்கால் கனோப்பியும் ஒதுங்கும் இடமல்ல. செம்பனைக் குலை அறுக்கும் நீண்ட அலுமினியக் கம்பைக் கையில் வைத்திருப்பவர் உடனே கீழே போட வேண்டும். கல் வீட்டுக்குள்ளோ, கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ போய்விடுங்கள், லோரியின் திறந்த பின்பக்கத்தில் அல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக்கூடாது. மழை விட்ட கையோடு திடலில் கிடக்கும் பந்தை எடுக்கப் பையன்கள் ஓடுவார்கள். கூப்பிட்டு உட்கார வையுங்கள்.