அம்மாவின் போனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை: மோசடி நுழையும் வழிகளை அடைப்பது எப்படி?

மன்னார்குடிப் பக்கம் இருக்கும் என் மாமா, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் வந்துவிட்டதா என்று பார்க்க, பாஸ்புக்கில் என்ட்ரி போடப் போனார். பணம் வந்திருந்தது. அதற்கு அடுத்த இரண்டு வரிகளில் 10,000, 10,000 என்று 20,000 ரூபாய் போயும் இருந்தது. வீட்டில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "யாருகிட்ட ஓடிபி சொன்னீங்க?" அவர் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னார்: "நான் யாருகிட்டயும் எதுவும் சொல்லலம்மா. எனக்கு ஒரு போனும் வரல."

அவர் சொன்னது உண்மை. அவருக்கு ஓடிபி வரவே இல்லை. அந்தப் பணம் கைரேகை வழியாகப் போயிருந்தது. வங்கி அனுப்பிய எஸ்எம்எஸ், அவர் எப்போதோ ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்ட பழைய நம்பருக்குப் போயிருந்தது.

"ஓடிபியைச் சொல்லாதீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போதாது. மோசடிக்காரர்களின் கதை மாதத்துக்கு ஒன்று மாறும். இன்று இரவு 9.30 மணிக்கு மின் இணைப்பைத் துண்டிப்போம் என்பார்கள், பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது என்பார்கள், கேஒய்சி (வங்கியின் அடையாளச் சரிபார்ப்பு) முடிந்துவிட்டது என்பார்கள். எல்லாக் கதையையும் எழுபது வயதில் ஒருவர் நினைவு வைத்திருக்க முடியாது. ஆனால் கதை எதுவானாலும் அவர்கள் உள்ளே நுழையும் வழிகள் சிலதான். அந்த வழிகளை ஒரே மதியத்தில் அடைத்துவிடலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஓர் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள். அவர்கள் போனை வாங்கி நீங்களாகச் செய்துவிட்டு வராதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில், எந்த நம்பர் எங்கே இருக்கிறது?

ஆதார், வங்கிக் கணக்கு இரண்டிலும் இருப்பது இப்போது கையில் இருக்கும் நம்பர்தானா என்று பாருங்கள். ஆதாரை வழங்கும் யுஐடிஏஐ அமைப்பின் இணையதளத்தில் ஆதார் செல்லுபடி ஆகிறதா என்று பார்க்கும் பக்கத்தில் ஆதார் எண்ணைக் கொடுத்தால், இணைத்திருக்கும் மொபைலின் கடைசி மூன்று இலக்கங்களைக் காட்டும். இதற்கு ஓடிபிகூட வேண்டாம். பழைய நம்பராக இருந்தால் ஆதார் சேவை மையத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு அஞ்சலக வங்கி வழியாகத் தபால்காரரே வீட்டுக்கு வந்து மொபைல் எண்ணை மாற்றிக் கொடுக்கும் வசதியும் இருக்கிறது. தபால் நிலையத்தில் கேளுங்கள்.

வங்கிக்கு நேரில் போய், எஸ்எம்எஸ் எந்த நம்பருக்குப் போகிறது என்று கேட்டுவிட்டு வருவதுதான் நல்லது. இந்த வேலை முடியாமல் கீழே உள்ள பலவற்றைச் செய்ய முடியாது.

இரண்டாவது, ஆதார் கைரேகையைப் பூட்டுவது

நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். ஊர்ப்பக்கம் பெட்டிக்கடையிலும் இ-சேவை மையத்திலும் ஒரு சின்ன மெஷினில் விரல் வைத்துப் பணம் எடுப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் ஏஇபிஎஸ். ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை இந்த மூன்றும் இருந்தால் போதும், ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். கார்டு வேண்டாம், பின் நம்பர் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். வங்கிக் கிளை இல்லாத ஊருக்கு இது பெரிய உதவி. ஆனால் ரேகையை நகல் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? தெலங்கானாவிலும் ஆந்திராவிலும் அப்படித்தான் நடந்தது. பத்திரப் பதிவு ஆவணங்களின் நகலில் இருந்த பெருவிரல் ரேகையை எடுத்து, ரப்பரிலும் சிலிக்கானிலும் போலி விரல் செய்தவர்களைப் போலீஸ் பிடித்திருக்கிறது. பத்திரத்தின் ஒரே பக்கத்தில் பெயர், ஆதார் எண், ரேகை மூன்றும் இருந்தால் திருடனுக்கு வேறு என்ன வேண்டும்?

பூட்டுவது சுலபம்:

1. மை ஆதார் இணையதளத்தில் ஆதார் எண்ணையும், வரும் ஓடிபியையும் கொடுத்து உள்ளே போங்கள். யுஐடிஏஐயின் ஆதார் ஆப்பிலும் செய்யலாம்.
2. பயோமெட்ரிக் லாக் என்ற கட்டத்தைத் தொடுங்கள். பூட்டினால் என்ன ஆகும் என்று ஒரு குறிப்பு வரும். படித்துவிட்டு டிக் செய்து அடுத்ததைத் தொடுங்கள்.
3. பூட்டிவிட்டது என்று வந்ததும் வெளியே வரும் முன், அதே இடத்தில் ஆதென்டிகேஷன் ஹிஸ்டரியையும் பாருங்கள். கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதாரை எங்கெல்லாம் சரிபார்த்தார்கள் என்று தேதி, நேரத்தோடு இருக்கும். நீங்கள் போகாத நாளில் கைரேகை என்று ஒரு பதிவு இருந்தால் உடனே வங்கிக்குப் போங்கள்.

இதில் நான் ஒரு தவறு செய்தேன். அம்மாவின் ரேகையைப் பூட்டினேன், சென்னைக்குக் கிளம்பி வந்துவிட்டேன், அவளிடம் சொல்லவில்லை. அந்த வாரம் ரேஷன் கடைக்குப் போனவளை மெஷின் ஏற்கவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், கருவிழி என்று எதை வைத்தாலும் இல்லை. "ரேகை தேஞ்சு போச்சும்மா" என்று கடைக்காரர் சொல்ல, அம்மா வெறும் பையோடு திரும்பி வந்தாள். திரையில் 330 என்று வந்ததாம். பயோமெட்ரிக் பூட்டியிருக்கிறது என்பதற்கான எண் அதுதான். ரேஷன், சிம் கார்டு வாங்குவது, ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்று, இவற்றுக்கெல்லாம் கிளம்பும் முன் அதே இடத்தில் தற்காலிகமாகத் திறக்க வேண்டும். சில நிமிடத்தில் தானாகவே மறுபடி பூட்டிக்கொள்ளும். அதனால்தான் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள் என்றேன். பூட்டியதைவிட, திறப்பதை அவர்கள் கையாலேயே இரண்டு முறை செய்து பார்க்க விடுவது முக்கியம். என் அம்மா படிகளை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி ரேஷன் கார்டு கவருக்குள் வைத்திருக்கிறாள்.

ஜெராக்ஸ் கேட்கும் இடங்களில் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் அந்தப் படிவத்தையும் அதே இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது, சிம் கார்டு

உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று தெரியுமா? மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் மொபைல் நம்பரையும் ஓடிபியையும் கொடுத்தால் பட்டியல் வரும். ஒருவர் பெயரில் பொதுவாக 9 இணைப்பு வரை வைத்துக்கொள்ளலாம் என்பதால், நடுவில் ஒன்று கூடுதலாகச் சேர்ந்தால் யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் அப்பா பெயரில் ஐந்து இருந்தது. இரண்டு அவருடையது, ஒன்று தம்பியுடையது. மற்ற இரண்டும் யாருடையது என்று இன்று வரை தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'என் நம்பர் இல்லை', 'தேவையில்லை' என்று தேர்வு இருக்கும். அதைத் தொட்டு அனுப்புங்கள். உங்கள் பெயரில் இருக்கும் சிம்மிலிருந்து யாராவது மோசடி செய்தால் போலீஸ் முதலில் வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.

போனில் *#21# என்று டயல் செய்யுங்கள். உங்களுக்கு வரும் அழைப்புகள் வேறு நம்பருக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தால் தெரியும். ##002# போட்டால் எல்லாத் திருப்பல்களும் ரத்தாகும். நல்ல டவர் இருக்கும் இடத்தில் போனில் திடீரென்று சிக்னல் செத்து, மணிக்கணக்கில் வராமல் இருந்தால், ஏதோ நெட்வொர்க் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் நம்பருக்கு வேறு யாரோ டூப்ளிகேட் சிம் வாங்கியிருக்கலாம். வேறு போனிலிருந்து சிம் நிறுவனத்தையும் வங்கியையும் கூப்பிடுங்கள்.

நான்காவது, வாட்ஸ்அப்

இரண்டு வேலைதான். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் அக்கவுண்ட் பகுதியில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்ற இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, ஆறு இலக்க பின் வைத்துவிடுங்கள். அப்புறம் போன் செட்டிங்ஸில், தெரியாத ஆப்களை நிறுவும் அனுமதி என்ற பகுதிக்குப் போய், வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த இரண்டாவது ஏன்? கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஃபைல் வரும். போக்குவரத்து அபராதம் என்று வரும். தெரிந்தவர் நம்பரிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே அவர்கள் கையில். பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருந்தால் அது பத்திரிகை இல்லை, ஆப். நிறுவிவிட்டால் உங்கள் எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் அதுவே படித்துவிடும். ஓடிபியை நீங்கள் யாரிடமும் சொல்லாமலேயே அது அவர்கள் கைக்குப் போய்விடும்.

ஐந்தாவது, பணம் இருக்கும் கணக்கும் செலவு செய்யும் கணக்கும்

ஓய்வூதியமோ நெல் பணமோ வரும் கணக்கில் யுபிஐ வேண்டாம். தனியாக ஒரு சின்னக் கணக்கு திறந்து, அதை மட்டும் ஜிபேயிலோ போன்பேயிலோ இணைத்து, மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் அதில் போட்டு வையுங்கள். என்ன தவறு நடந்தாலும் அந்தச் சின்னத் தொகையோடு போகும்.

ஏடிஎம் கார்டுக்கு வங்கி ஆப்பில் ஆன், ஆஃப் வசதி இருக்கிறது. வெளிநாட்டுப் பயன்பாடு, ஆன்லைன், பின் இல்லாமல் தட்டிச் செலுத்துவது என்று தனித்தனியாக இருக்கும். தேவைப்படாததை அணைத்துவிடுங்கள். யுபிஐ பின் நம்பர் பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும்தான், பணம் வாங்க இல்லை. பணம் 'வருவதற்கு' பின் போடச் சொன்னால், அது போகப்போகிறது என்று அர்த்தம்.

வங்கியின் கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடி எடுக்காதீர்கள். பாஸ்புக்கிலும் கார்டின் பின்பக்கத்திலும் அச்சடித்திருக்கிறது. வங்கி இணையதளங்களை டாட் பேங்க் டாட் இன் என்ற முகவரிக்கு மாற்றச் சொல்லி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது, ஆகவே முகவரி அப்படி முடிகிறதா என்று பார்ப்பதும் உதவும்.

உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று தெரிய, சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களிடம் கேளுங்கள். நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக நான்கிலும் மாற்றி மாற்றி வாங்கினால் ஆண்டு முழுவதும் ஒரு கண் வைத்திருக்கலாம்.

ஆறாவது, பணம் போய்விட்டால்

இதைப் பணம் போகும் முன்பே பழகுங்கள். முதலில் 1930. இது சைபர் பண மோசடியைப் புகார் செய்ய நாடு முழுவதுக்குமான எண். அவர்கள் கேட்பது: எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன. யுபிஐ என்றால் அந்த 12 இலக்க எண் ஆப்பிலேயே இருக்கும். பணம் மோசடிக்காரனின் முதல் கணக்கிலிருந்து இரண்டாவது, மூன்றாவது என்று தாவிக்கொண்டே போகும். நடுவில் எங்காவது நிற்கும்போதே முடக்க வேண்டும். அதனால்தான் முதல் ஒரு மணி நேரம் அவ்வளவு முக்கியம். லைன் கிடைக்கவில்லை என்றால் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பதியுங்கள். ஒப்புகை எண்ணை எழுதி வையுங்கள்.

அடுத்து வங்கிக்கு எழுத்தில் புகார். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதியை நினைவு வையுங்கள். உங்கள் தவறும் இல்லாமல் வங்கியின் தவறும் இல்லாமல் வேறு யாரோ எடுத்திருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. 4 முதல் 7 வேலை நாள் என்றால் ஓர் உச்சவரம்பு வரை உங்கள் பொறுப்பு. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தாலும், புகார் கொடுத்த பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. ஆகவே தாமதம்தான் பெரிய இழப்பு.

மாமாவிடம் கிளையில் முதலில், "விரல் வைக்காம பணம் எப்படிப் போகும்?" என்றார்கள். அந்தச் சுற்றறிக்கையின் தேதியைக் குறிப்பிட்டு, பணம் எடுத்த நாளில் அவர் ஊரிலேயே இருந்ததைச் சொல்லி எழுதிக் கொடுத்து, ஒப்புதல் முத்திரை வாங்கினோம். ஒன்றரை மாதத்தில் பணம் வந்தது. 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவு கிடையாது. அதற்கான உதவி எண் 14448. பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று நடுவில் யாராவது கூப்பிட்டு முன்பணம் கேட்டால், அதுவும் மோசடி.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டில் யாருக்காவது இப்படி நடந்தால் "உனக்கு அறிவில்லையா" என்ற பேச்சே வேண்டாம். மாமா பாஸ்புக்கைப் பார்த்த அன்று மத்தியானமே எங்களிடம் சொல்லவில்லை. திட்டுவோம் என்று பயந்து, ராத்திரி சாப்பிட்ட பிறகுதான் சொன்னார். காவல்துறை உடையில் வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுகிறவர்கள், யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் முதலில் சொல்வார்கள். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை. ஆனால் அந்த நேரத்தில் நம்மைக் கூப்பிட நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தயக்கம் இருக்கக் கூடாதே.

அன்று கடைசியாக அம்மாவின் போனில் 1930ஐ 'அ பணம் போச்சு' என்று சேமித்தோம், பட்டியலில் முதலில் வரட்டும் என்று. அதற்குக் கீழே என் நம்பர். நான் வங்கி அதிகாரியாகவும் அவள் அவளாகவும் ஒரு முறை பேசிப் பார்த்தோம். "உங்க கார்டு பிளாக் ஆயிடுச்சும்மா" என்றேன். "நான் நேர்ல வந்து பார்த்துக்கறேன் தம்பி" என்று சொல்லிவிட்டு, நான் அடுத்ததைச் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாள்.