கடைசியில் வரும் ‘தமிழ்ச் சுருக்கம்’: கொழும்பில் கலப்புக் கூட்டம் நடத்துகிறவர்கள் விடும் பிழைகள்

தொடர்மாடி நலன்புரிச் சங்கம், தோட்டத்து மரண உதவிச் சங்கம், பாடசாலைப் பெற்றோர் கூட்டம் என்று கொழும்பில் எதை எடுத்தாலும் ஆண்டுக்கொருமுறை புதுக் குழு வருகிறது. சிங்களமும் தமிழும் பேசுகிறவர்கள் கலந்த கூட்டத்தை நடத்துவதில் போன குழு விழுந்த குழியிலேயே புதுக் குழுவும் விழுகிறது. யாரிடமும் கெட்ட எண்ணம் கிடையாது. “ஆயுபோவன், வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்” என்று மூன்று விதமாகவும் வரவேற்றுத்தான் தொடங்குகிறார்கள். சிக்கல் அந்த வரவேற்பு முடிந்த கையோடு தொடங்குகிறது. ஆகவே செருப்பைக் கழற்றுவது, வலது கையால் கொடுப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுவோம். அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2001 குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாநகர எல்லைக்குள் சிங்களவர் சுமார் 41 வீதம், இலங்கைத் தமிழர் சுமார் 29 வீதம், சோனகர் சுமார் 24 வீதம். எவரும் பாதியைத் தொடவில்லை. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு கட்டடத்துக்குள் இந்த விகிதம் தலைகீழாகவும் இருக்கும். அங்கே ஒதுங்கி உட்கார்ந்திருப்பது சிங்களக் குடும்பமாக இருக்கலாம். கீழே சொல்வதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

“எல்லாருக்கும் சிங்களம் விளங்கும்தானே”

கடைச் சிங்களம் விளங்கும், கூட்டச் சிங்களம் வேறு. புறக்கோட்டையில் பேரம் பேசுகிற ஒருவர், முச்சக்கர வண்டிக்காரருடன் சண்டை பிடிக்கிற ஒருவர், “ஒதுக்கு நிதியிலிருந்து முற்பணமாக எடுத்துப் பின்னர் ஈடுசெய்வது” என்பதைச் சிங்களத்தில் தொடர முடியும் என்று நினைக்கக்கூடாது. தமிழைப் போலவே சிங்களத்திலும் பேச்சு மொழி ஒன்று, எழுத்து மொழி ஒன்று. பேச்சுச் சிங்களத்தில் வினைச்சொல் ஆளுக்கேற்ப மாறுவதில்லை, எழுத்தில் மாறும். தீர்மானத்தை வாசிக்கும்போது செயலாளர் தன்னையறியாமலே எழுத்துச் சிங்களத்துக்குத் தாவிவிடுவார். காது கொடுத்துக்கொண்டிருந்த பாதிப் பேர் அந்த இடத்தில் கழன்றுவிடுவார்கள்.

இதைவிட ஏமாற்றுகிற ஒரு சொல் இருக்கிறது: “ஹரி”. தமிழில் “சரி”. இரண்டு மொழியிலும் அது “உடன்படுகிறேன்” என்பதற்கும் வரும், “கதையை முடி” என்பதற்கும் வரும். தலையாட்டி “ஹரி, ஹரி” என்றவரின் பெயரை ஆதரவுப் பட்டியலில் எழுதிக்கொள்ளாதீர்கள். “இனி நீங்கள் என்ன செய்யவேண்டும்?” என்று கேளுங்கள். பதில் சரியாக வந்தால் விளங்கியிருக்கிறது.

மொழியை இனத்தை வைத்து ஊகிப்பது

முஸ்லிம் வீடு என்றால் தமிழ்க் கடிதம், கத்தோலிக்கர் என்றால் ஆங்கிலக் கடிதம் என்று கட்டுக்கட்டாகப் பிரித்து வைக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசி, சிங்கள மொழிமூலம் படித்த முஸ்லிம் பிள்ளைகள் கொழும்பில் ஏராளம். தாய்க்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், மகளுக்குத் தெரியாது. மலாய்க் குடும்பங்களும் கொழும்புச் செட்டிகளும் இந்தப் பெட்டிகள் எதற்குள்ளும் அடங்கமாட்டார்கள். வீட்டு விபரம் எடுக்கும்போது மூன்று கேள்வி தனித்தனியாகக் கேளுங்கள்: எந்த மொழியில் வாசிக்கச் சுகம்? எந்த மொழியில் கதைக்கச் சுகம்? அவசரத்துக்கு யாருக்கு அழைப்பது? இனம் கேட்கவே வேண்டாம்.

“கடைசியில் தமிழில் சுருக்கமாகச் சொல்கிறோம்”

இதுதான் பெரிய பிழை. எத்தனை முறை சொன்னாலும் மாறாத பிழையும் இதுதான், கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். லிப்ட் திருத்தவேண்டும். ஒன்றரை மணித்தியாலம் சிங்களத்தில் வாதம் போகிறது. கீழ்மாடிக்காரர் “எங்களுக்கு லிப்டே தேவையில்லை, ஏன் காசு?” என்கிறார். ஒருவர் இரண்டு கம்பனிகளின் விலைமனுக்களை ஒப்பிடுகிறார். ஒரு பகிடி, எல்லோரும் சிரிக்கிறார்கள், தமிழ்ப் பக்கம் சிரிப்பவர்களைப் பார்த்துச் சிரிக்கிறது. கைகள் உயர்கின்றன, தீர்மானம் நிறைவேறுகிறது. பிறகு மூன்றாம் மாடிப் பையனை எழுப்பி, “தமிழில் சொல்லிவிடு மல்லி (தம்பி)” என்கிறார்கள். அவன் சொல்கிறான்: “லிப்ட் திருத்தப் போறாங்களாம், வீட்டுக்கு ஐயாயிரமாம்.” ஒரே தடவையா, மாதாமாதமா? கீழ்மாடிக்கும் உண்டா? அதற்குள் கதிரைகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த மாதம் பாதி வீடு காசு கொடுக்கவில்லை. குழுவோ “தமிழ் ஆட்கள் ஒத்துழைப்பதில்லை” என்று முடிவு கட்டுகிறது. அந்தப் பேச்சு லிப்ட் திருத்திய பிறகும் கட்டடத்தில் கிடக்கும்.

ஏன் இப்படி ஆகிறது? சுருக்கம் முடிவைத்தான் சொல்லும், முடிவுக்கு வந்த வழியைச் சொல்லாது. கீழ்மாடிக்காரருக்கு வந்த அதே சந்தேகம் தமிழ் பேசுபவருக்கும் இருந்திருக்கும். அதற்குக் கிடைத்த பதில் அவரிடம் வரவில்லை. அதைவிட மோசம், வாக்கெடுப்பு முடிந்த பிறகு கேள்வி கேட்கிறவர் குழப்பக்காரராகத் தெரிவார். ஆகவே அவர் வாய் திறக்கமாட்டார், அந்த மௌனம் சம்மதமாகக் குறிக்கப்படும்.

திருத்துவது நேரக் கணக்கில் தொடங்குகிறது. வசனத்துக்கு வசனம் மாற்றிச் சொன்னால் பேச்சு இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். 90 நிமிடக் கூட்டத்தில் வரவுப் பதிவுக்கும் தொடக்கத்துக்கும் 10 நிமிடம் போனால் மிச்சம் 80, அதில் உண்மையான பேச்சு 40 நிமிடம்தான். ஆறு விடயங்களை நிகழ்ச்சி நிரலில் வைத்தால் நான்காவதிலேயே தலைவர் கடிகாரத்தைப் பார்த்து, “இனி சிங்களத்தில் மட்டும் போவோம், பிறகு சுருக்கம் சொல்வோம்” என்பார். திரும்பவும் அதே குழி. மூன்று விடயத்துக்கு மேல் வைக்காதீர்கள். காசு சம்பந்தப்பட்டது முதலில் வரட்டும்.

பேசுகிறவர் இரண்டு மூன்று வசனத்துக்கு ஒருமுறை நிறுத்தவேண்டும், அதுவும் வசன முடிவில். சிங்களத்திலும் தமிழிலும் வினை கடைசியில் வரும், “இல்லை” என்பதும் கடைசியில்தான் வரும். நடுவில் வெட்டினால் “கட்டணம் கூட்டப்படும்” என்றா “கூட்டப்படமாட்டாது” என்றா மொழிபெயர்க்கிறவர் ஊகிக்கவேண்டும்.

மொழிபெயர்க்கிறவர் யார்? குழு உறுப்பினராக இருக்கக்கூடாது, அவருக்கு அந்தத் தீர்மானத்தில் பக்கம் உண்டு. பிள்ளைகளாகவும் இருக்கக்கூடாது. பெரியவரின் கோபத்தைப் பிள்ளை அப்படியே சொல்லாது, மழுப்பும். இரண்டு பேரைப் பிடியுங்கள், 20 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறட்டும். அதற்குமேல் ஒரே ஆள் செய்தால் களைப்பில் முதலில் நழுவுவது எண்கள்தான். பேசுகிறவருக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் முகம் தெரிய நிற்கவேண்டும். பின்வரிசையில் மூலையில் குசுகுசுப்பது இரண்டு மூன்று பேருக்கு மட்டுமே சரிவரும். “அவர் என்ன சொல்றார் என்றால்…” என்று தொடங்காமல், பேசுகிறவர் “நான்” என்றால் இவரும் “நான்” என்றே சொல்லவேண்டும். இல்லாவிட்டால் யாருடைய கருத்து எது என்று பத்து நிமிடத்தில் கலந்துவிடும்.

அவர்களுக்கு நிகழ்ச்சி நிரலும் தொகைகளும் இரண்டு நாளைக்கு முன் கையில் கிடைக்கவேண்டும். கூடவே இருபது சொல்லுக்கு ஒரு பட்டியல்: நிலுவை, தவணை, ஒதுக்கு நிதி, பராமரிப்புக் கட்டணம் என்று. கேட்க ஒன்றுபோல் இருந்து காலைவாரும் சொற்களை அதில் முதலில் எழுதுங்கள். சிங்களத்தில் “யோஜனாவ” என்றால் கூட்டத்தில் முறைப்படி வைக்கப்படும் பிரேரணை. அதை “ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்” என்று தமிழில் சொன்னால் கேட்பவர், யாரோ சும்மா ஒரு கருத்துச் சொன்னதாக நினைப்பார். அது நிறைவேறியதென்று அறியும்போது, ஏமாற்றப்பட்டதாகவே படும். “ஆராதனாவ” அங்கே அழைப்பு, இங்கே ஆராதனை பூசை. “சபாபதி” அங்கே தலைவர், இங்கே பக்கத்து வீட்டு மாமாவின் பெயர்.

தொகை, திகதி, எத்தனை தடவை என்பதை வெள்ளைப் பலகையில் இலக்கத்தில் எழுதுங்கள். இலக்கத்தை எல்லோரும் வாசிப்பார்கள். வாக்கெடுப்புக்கு முன் தமிழில் கேள்விக்கு நேரம் கொடுங்கள். கேட்டவுடன் கேள்வி வராது, ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள், வரும். ஒவ்வொரு விடயத்துக்கும் மொழி வரிசையை மாற்றுங்கள். முதல் விடயம் தமிழில் தொடங்கிச் சிங்களத்துக்குப் போகட்டும், அடுத்தது மறுபுறமாக. காத்திருப்பது எப்படி இருக்கும் என்று சிங்களம் பேசுபவர்களுக்கும் அப்போது தெரியும். அதற்குப் பிறகு “சுருக்கமாகச் சொன்னால் போதும்” என்று எவரும் சொல்வது குறைவு.

கூட்டக் குறிப்பும் இரண்டு மொழியில், ஒரே புத்தகத்தில், எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கட்டும்.

ஆங்கிலம் பொதுமொழி என்பது

ஆங்கிலம் தெரிந்த நாலு பேருக்குப் பொது. சிங்களத்திலிருந்து தமிழுக்கு நேரே போங்கள். இரண்டுக்கும் வசன ஒழுங்கு கிட்டத்தட்ட ஒன்று, மரியாதைப் படிகளும் இரண்டிலும் உண்டு. ஆங்கிலம் வழியாகச் சுற்றினால் “நீங்கள்” எது “நீ” எது என்பது வழியிலேயே விழுந்துவிடும்.

உறவுமுறைச் சொல்

“அக்கா”, “மாமா”, “அம்மா” மூன்றும் இரண்டு மொழிக்கும் பொது, பயமில்லை. “அய்யா” அப்படியில்லை. சிங்களத்தில் அது அண்ணன். முப்பது வயதுக்காரர் தன்னை “அய்யா” என்று அழைக்கச் சொன்னால் பெரியமனிதத்தனம் காட்டுகிறார் என்று முகம் சுளிக்காதீர்கள். எழுபது வயதுச் சிங்களவரைத் தமிழ்ப் பழக்கத்தில் “ஐயா” என்றால் அவர் காதில் “அண்ணே” என்றே விழும். “மாத்தயா” என்பது பாதுகாப்பு.

“தம்பி” இன்னும் கவனம். நமக்கு அது அன்பான சொல். சிங்களத்தில் “தம்பியா” என்பது முஸ்லிம்களை இழிவாகக் குறிப்பது. சிங்களம் பேசும் சபையில் முஸ்லிம் இளைஞரைத் “தம்பி” என்று கூப்பிட்டால் அவர் எதை நினைத்து விறைக்கிறார் என்பது கூப்பிட்டவருக்கு விளங்காது. பெயரைச் சொல்லுங்கள். தெருவில் பழகிய “உம்ப” (நீ) சபைக்கு ஆகாது. “தெமள” என்பது மொழிக்கும் மக்களுக்கும் சிங்களத்தில் உள்ள சாதாரணச் சொல், அதைக் கேட்டதும் பொங்கவேண்டாம். ஈற்றை நீட்டி ஒருமையில் சொல்லும்போதுதான் மரியாதை போகிறது. நாம் “சிங்களவர்” என்பதை விட்டு “சிங்களவன்” என்கிறபோதும் போவது அதே மரியாதைதான்.

நாள்

மாலை 6 மணி வேண்டாம். கொழும்பில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய 5.45க்கும் 6.30க்கும் இடையில் மறைகிறது, மஃரிப் தொழுகை அப்போதுதான். ஞாயிறு காலை திருப்பலியும் அறநெறிப் பாடசாலையும். வெள்ளி நடுப்பகல் ஜும்ஆ தொழுகை. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகிறவர்கள் கத்தோலிக்கர் மட்டுமில்லை, வடகொழும்பில் அன்று ஆள் சேராது. சனி பின்னேரம் 4 மணி ஓரளவு பரவாயில்லை, டியூஷன் வகுப்புக்குப் பிள்ளை ஏற்றிப்போகிறவர்கள் மட்டும் திட்டுவார்கள்.

அறிவித்தல்

தமிழ் வாசிக்கத் தெரியாத அச்சகத்தில் “த”வும் “ந”வும் ஒன்று. கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய இருக்கையில் “தாய்” என்பது “நாய்” ஆகிப்போன பலகையின் படம் நாடு முழுவதும் சுற்றியது. சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் அந்த இருக்கையில் உட்காரவேண்டியவருக்கு அது சிரிப்பில்லை. கணினிக் கோப்பை யூனிகோட்டில் கொடுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டியதை அது இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், சிலவேளை அப்படியே அச்சாகிவிடும். அச்சான மாதிரித் தாளைத் தமிழ் தெரிந்தவர் வாய்விட்டு வாசிக்கவேண்டும், கணினித் திரையைப் பார்த்து “ஓகே” சொல்வது போதாது. தமிழ் கூடுதல் இடம் பிடிக்கும். தாளைப் பெரிதாக்குங்கள், எழுத்தைச் சிறிதாக்காதீர்கள்.

சாப்பாடு

மரக்கறிக்குத் தனிக் கரண்டி.

மொழிக்கொரு வாட்ஸ்அப் குழு

வேண்டாம். தமிழ்க் குழுவுக்குத் தண்ணீர் வெட்டுச் செய்தி தண்ணீர் நின்ற பிறகுதான் வரும்.

அரசாங்கத்துக்கு எழுதும்போது பயப்படுவது

மாநகர சபைக்கோ பிரதேச செயலகத்துக்கோ எழுதும் கடிதத்தைச் சங்கங்கள் சிங்களத்தில் மட்டும் எழுதுகின்றன, “அப்படி எழுதினால்தான் அலுவல் நடக்கும்” என்று. அதனால் கையொப்பமிடும் தமிழ் உறுப்பினர் தான் வாசிக்காததற்குக் கையொப்பமிடுகிறார். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இன் 16ஆம் திருத்தம் நிர்வாக மொழி பற்றிய ஏற்பாடுகளை விரித்து எழுதியது. கொழும்பு, திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகப் பிரிவுகள் இரண்டும் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. தமிழில் எழுதினால் தமிழில் பதில் வரவேண்டும். இரண்டு மொழியிலும் ஒரே தாளில் எழுதி, திகதி முத்திரை குத்திய பிரதியைக் கேட்டு வாங்குங்கள். சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால் தமிழ்ப் பிரதி கேட்டு இரண்டாவது கடிதம். அதுவும் பலிக்கவில்லை என்றால் 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அரச கரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது, முறைப்பாட்டுடன் அந்த இரண்டு கடிதங்களின் பிரதிகளையும் இணையுங்கள்.