பொடி உதிர்த்த பைரைட்டைக் காப்பாற்றியது எப்படி

பெரு நாட்டு ஹுவான்சாலா சுரங்கத்துப் பைரைட் என்ற கனிமக் கல் ஒன்று என்னிடம் இருக்கிறது, முகங்கள் கண்ணாடி போல மின்னும். போன மழைக்காலம் முடிந்து, சென்னை வீட்டில் அலமாரியைத் திறந்தால் லேசான கந்தக வாடை, கல்லின் இடுக்கெல்லாம் வெள்ளையும் மஞ்சளுமாகப் பொடி, அடியிலிருந்த, கல் கிடைத்த ஊரை எழுதிய சீட்டு பழுப்பேறி தொட்டதுமே உதிர்ந்தது. மனசே கேட்கவில்லை.

பைரைட் என்பது இரும்பும் கந்தகமும். ஈரக்காற்று பட்டால் இரும்பு சல்பேட்டும் கந்தக அமிலமும் உண்டாகும், அந்த அமிலம்தான் சீட்டையும் பெட்டியையும் அரிக்கிறது. இது தெரியாமல் முதலில் குழாய்த் தண்ணீரில் கழுவி அப்படியே வைத்துவிட்டேன், இரண்டு வாரத்தில் பொடி திரும்ப வந்தது.

அப்புறம் தண்ணீரே தொடவில்லை. கையுறையும் முகக்கவசமும் போட்டு, உலர்ந்த பல் பிரஷால் பொடியை முழுக்கத் தட்டி எடுத்தேன். ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு வைத்து, உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானியும் போட்டேன். அலமாரியில் 78 சதவீதம் காட்டியது டப்பாவுக்குள் 35க்கு இறங்கியது. ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள், ஈரம் குடித்ததும் பச்சையாகும், ஓவனில் சுமார் 120 டிகிரியில் சூடாக்கினால் பழைய நிறம் வந்துவிடும்.

மார்கசைட் (அதே இரும்பும் கந்தகமும்தான், படிக அமைப்பு மட்டும் வேறு) இருந்தால் அதைத் தனி டப்பாவில் வையுங்கள், அது பைரைட்டைவிடச் சீக்கிரம் கெடும். சீட்டை முன்பே போட்டோ எடுத்திருந்ததால் திரும்ப எழுத முடிந்தது, ஊர் தெரியாத கல்லுக்குப் பாதி மதிப்புகூட இல்லை. எட்டு மாதம் ஆகிறது, புதிதாகப் பொடி இல்லை.