ஐப்பசியில் குரங்கணி மலை ஏற: புதியவர்களுக்கான செய்முறை

முதலில் அனுமதி. 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டத்தின் குரங்கணிச் சரிவில் மூண்ட காட்டுத் தீ 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த பிறகு, தமிழ்நாடு அரசு மலையேற்றத்திற்கெனத் தனி விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் குரங்கணி–சாம்பலாறு வழிக்குப் பதிவு செய்துகொண்டால், உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். அவரின்றிக் காட்டுக்குள் கால் வைக்க வேண்டாம்.

கோடையில் அந்தச் சரிவுக்குப் புல்லும் நெருப்பும் எதிரி, ஐப்பசியில் தண்ணீர். தேனி மாவட்டம் தென்மேற்குப் பருவமழைக்கு மலையின் மறைவில் கிடப்பதால், அக்டோபர், நவம்பரில்தான் இங்கே மழை வலுக்கிறது. அதுவும் பெரும்பாலும் பிற்பகலில், இடியோடு வரும். ஆகவே விடிந்ததும் ஏறத் தொடங்கி, நண்பகலுக்குள் முகட்டைவிட்டு இறங்கிவிடும்படி நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

பையில் இரண்டு லிட்டர் தண்ணீர், கட்டுச்சோறு, மாற்றுக் காலுறை, முதுகுப்பையையும் சேர்த்து மூடும் மழை அங்கி ஆகியவை போதும். குடை வேண்டவே வேண்டாம். முகட்டுக் காற்றில் அது உங்களையே இழுக்கும். மடக்கு உலோகத் தடிகளைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். எனக்குத் தோள் உயர மூங்கில் கம்புதான் பிடிக்கும், ஏனெனில் எந்த உயரத்திலும் பிடித்துக்கொள்ளலாம், இடுக்கில் சிக்கினாலும் வளைந்து கொடுக்கும்.

சோலை நிழலில் அட்டை ஏறும். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, அதன்மேல் வேப்பெண்ணெய் தடவுங்கள். கடித்த அட்டையைப் பிய்க்காமல், நகத்தால் அதன் வாய்ப்பக்கத்தை நெம்பி எடுங்கள்.

இனிப் பாறை. புதியவர்கள் விழுவது பெரும்பாலும் ஏறும்போதல்ல, இறங்கும்போது. அதுவும் செங்குத்தான இடத்தில் அல்ல, சாதாரணமாகத் தோன்றும் சரிவில். ஈரப்பாறையில் எங்கே கால் வைக்கலாம் என்பதை நிறம் சொல்லிவிடும். மழைநீர் வழிந்தோடும் தடத்தில் கறுப்புக் கோடுகள் படிந்திருக்கும். அவை பெரும்பாலும் நுண்ணுயிர்ப் படலம், நனைந்தால் எண்ணெய் தடவிய தோசைக்கல்லைப்போல வழுக்கும். வெளிறிய, சொரசொரப்பான பகுதி நனைந்தாலும் ஓரளவு பிடிக்கும். கறுப்புத் தடத்தைக் கடந்தே ஆகவேண்டுமென்றால், அது குறுகலாக இருக்கும் இடத்தைத் தேடித் தாண்டுங்கள்.

நடக்கும் முறையும் முக்கியம். பயத்தில் உடலைப் பின்னால் சாய்க்கும்போது எடை குதிகாலுக்குப் போய்விடுகிறது, பாதத்தின் பெரும்பகுதி பாறையைத் தொடுவதில்லை, உடனே கால் வழுக்குகிறது. முழங்காலைச் சற்று மடக்கி, இடுப்பைப் பாதத்திற்கு நேர் மேலே நிறுத்தி, முழு உள்ளங்காலும் பதியும்படி சிறுசிறு அடியாக, குறுக்கும் நெடுக்குமாக இறங்குங்கள். ஒரு காலில் எடை உறுதியாக நின்ற பிறகே அடுத்த காலை எடுக்கவேண்டும். கம்பை எப்போதும் சரிவின் கீழ்ப்பக்கம் ஊன்றுங்கள். காய்ந்த சிறு பாறைச் சரிவு ஒன்றை அடிவாரத்திலேயே தேர்ந்தெடுத்து, கால் மணி நேரம் ஏறி இறங்கிப் பழகுவது வீண்வேலை அல்ல.

முகட்டில் இடி கேட்டால் படம் எடுப்பதை நிறுத்திவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று வினாடி இருந்தால் அது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இடி காதில் விழுந்தாலே ஆபத்து எல்லைக்குள் இருக்கிறீர்கள் என்று கொண்டு, உச்சியையும் தனி மரத்தையும் விட்டு விலகித் தாழ்வான இடத்திற்கு இறங்குங்கள். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் கழியும்வரை மேலே போக வேண்டாம்.

பின்னர் சேர்த்தது: மேலே மூணாறு பக்கம், கேரள எல்லையில் இருக்கும் டாப் ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாமா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். மூணாறு தேயிலையைக் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் டாப் ஸ்டேஷன்வரை கொண்டுவர, அங்கிருந்து கம்பிவடத்தில் அது இந்தப் பக்கம் இறங்கிய காலம் ஒன்று உண்டு. 1924 வெள்ளம் ரயிலை அழித்துவிட்டது, ‘ஸ்டேஷன்’ என்ற பெயர் மட்டும் நிற்கிறது. பழைய தடம் இருக்கிறது என்பதற்காக வழி திறந்திருப்பதாகப் பொருளில்லை. உங்கள் பதிவுச்சீட்டில் உள்ள வழியைத் தாண்டக்கூடாது. கேரளக் காட்டுக்குள் நுழைய அந்த மாநில வனத்துறையின் அனுமதி தனியாக வேண்டும். டாப் ஸ்டேஷனைப் பார்க்க மட்டும்தான் ஆசையென்றால், போடியிலிருந்து போடிமெட்டு வழியாக மூணாறு போய், அங்கிருந்து சாலை வழியாகவே செல்லுங்கள்.