சர்வதேச உறவுகள் பட்டம்: செலவையும் வேலைப் பயனையும் கணக்கிடும் முறை

சர்வதேச உறவுகள் படிக்க விரும்புவோர் பெரும்பாலும் பல்கலைக்கழகத் தரவரிசையில் தொடங்கி, கட்டண விவரத்துக்கு வந்து, வேலையைப் பற்றிய கேள்வியைக் கடைசியாகக் கேட்கிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் இருப்பதைப் போல, இந்தப் பட்டம் பெற்றவர் மட்டுமே செய்யலாம் என்று ஒதுக்கப்பட்ட தொழில் எதுவும் இந்தத் துறையில் கிடையாது. ஆகவே வேலையிலிருந்து பின்னோக்கி வந்தால்தான் பட்டத்தின் மதிப்பு புலப்படும்.

விரும்பும் பணிகளுக்கு அண்மையில் வெளியான 15 அறிவிப்புகளைத் திரட்டி, அவை கேட்கும் பட்டம், அனுபவம், மொழி, கூடுதல் திறன் ஆகியவற்றை ஒரு தாளில் நான்கு பத்திகளாக எழுதிக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் ‘அரசியல் அறிவியல், சர்வதேச உறவுகள், பொருளியல், சட்டம் அல்லது தொடர்புடைய துறை’ என்பது போன்ற வாசகம் திரும்பத் திரும்ப வரும். அந்த ‘அல்லது’ என்ற சொல்லில் சற்று நில்லுங்கள். பொருளியல் படித்தவரும் சட்டம் படித்தவரும் உங்களோடு அதே இடத்துக்குப் போட்டியிடுகிறார்கள். வேலை கிடைக்காவிட்டால் அவர்களுக்குத் திரும்பிச் செல்ல இன்னொரு தொழில் இருக்கிறது. உங்களுக்கு அப்படியொன்று இருக்கிறதா என்பதைக் கட்டணத்துக்கு முன்பே யோசிக்க வேண்டும். மற்ற மூன்று பத்திகளில் அடிக்கடி வரும் சொற்களே நீங்கள் எந்தப் பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடும்.

தூதரகப் பணி மட்டுமே இலக்கு என்றால், முதலில் தேர்வு விதிகளைப் படியுங்கள். இந்திய வெளியுறவுப் பணிக்கான குடிமைப் பணித் தேர்வை எந்தத் துறையில் பட்டம் பெற்றவரும் எழுதலாம். அமெரிக்க வெளியுறவுப் பணியும் குறிப்பிட்ட பட்டம் எதையும் கட்டாயமாக்குவதில்லை. ஐக்கிய நாடுகள் அவையின் நிலை வேறு. தேர்வு வைத்து இளைஞர்களைப் பணிக்கு எடுக்கும் அதன் இளம் வல்லுநர் திட்டத்துக்கு வயது வரம்பு 32. ஐ.நா. பணியாளர்களிடையே போதிய பிரதிநிதித்துவம் இல்லாத நாடுகளின் குடிமக்களுக்கே முக்கியமாக வாய்ப்புத் தரப்படுவதால், பங்கேற்கும் நாடுகளின் பட்டியல் ஆண்டுதோறும் மாறும். ஐ.நா. அமைப்புகளில் தொடக்க நிலையில் உள்ள இளநிலை வல்லுநர் அலுவலர் பதவிகளுக்கு நிதி தருவது நன்கொடை நாடுகளின் அரசுகள். அவை பெரும்பாலும் தம் குடிமக்களையே அனுப்புகின்றன. எவ்வளவு உயர்ந்த பட்டமாக இருந்தாலும் கடவுச்சீட்டு தடுக்கும் கதவுகள் உண்டு என்பதைக் கடன் வாங்குவதற்கு முன் அறிந்திருப்பது நல்லது.

அடுத்தது செலவு. கல்விக் கட்டணம் அதில் ஒரு பகுதிதான். படிக்கும் காலத்தில் இழக்கும் சம்பளம், வெளியூரில் கூடுதலாகும் வாழ்க்கைச் செலவு, கடன் வட்டி, ஊதியமில்லாப் பயிற்சிப் பணியின் செலவு ஆகிய அனைத்தையும் சேர்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஐ.நா. செயலகம் பயிற்சிப் பணியாளர்களுக்கு ஊதியம் தருவதில்லை. நியூயார்க், ஜெனிவா போன்ற நகரங்களில் சில மாதங்கள் சொந்தப் பணத்தில் வாழ வேண்டியிருக்கும். 2015இல் ஜெனிவாவில் பயிற்சிக்கு வந்த ஓர் இளைஞர் கூடாரத்தில் தங்கியிருந்த செய்தி உலகம் முழுவதும் பேசப்பட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு போன்ற சில அமைப்புகள் உதவித்தொகை தருகின்றன. விண்ணப்பிக்கும்போது அவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

கணக்கை இப்படிப் போடலாம். ஒருவருடைய இன்றைய ஆண்டுச் சம்பளம் 10 பங்கு என்று வைத்துக்கொள்வோம். இரண்டாண்டு முதுநிலைப் படிப்புக்குக் கட்டணம் 16, கூடுதல் வாழ்க்கைச் செலவு 4, இழக்கும் சம்பளம் 20, மொத்தம் 40. படித்து முடித்ததும் 14 பங்குச் சம்பளத்தில் வேலை கிடைத்தால் ஆண்டுக்கு 4 பங்கு மிச்சம், பத்தாண்டுகளில் செலவு மீளும் என்று தோன்றும். ஆனால் படிக்கப் போகாமல் இருந்திருந்தால் பழைய வேலையிலேயே சம்பளம் 11 ஆகியிருக்கலாம். அப்போது உண்மையான மிச்சம் 3 பங்குதான். வட்டியைச் சேர்க்காமலே 13 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதே ஆள் ஓராண்டுப் படிப்பில் பாதிக் கட்டணச் சலுகையுடன் சேர்ந்தால், கட்டணம் 4, வாழ்க்கைச் செலவு 2, சம்பள இழப்பு 10 என்று மொத்தம் 16 பங்கோடு முடியும். ஐந்தாறு ஆண்டுகளில் மீண்டுவிடலாம். படிப்பின் கால அளவும் கட்டணச் சலுகையும் கணக்கை எவ்வளவு மாற்றுகின்றன என்பதை இதில் காணலாம்.

பிரிட்டனில் முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டு, அமெரிக்காவில் இரண்டாண்டு. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வசூலிக்கிறது. பிரிட்டன் அரசின் செவனிங், அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் ஆகிய உதவித்தொகைகளைத் தேடும்போது நிபந்தனைகளையும் படியுங்கள்: செவனிங் பெறுபவர் படிப்பு முடிந்ததும் குறைந்தது இரண்டாண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும். வெளிநாட்டிலேயே வேலை தேடும் திட்டம் இருந்தால் இதுவும் ஒரு விலைதான். அமெரிக்காவில் படித்தவருக்குப் படிப்புக்குப் பின் வழக்கமாகக் கிடைக்கும் பணி அனுமதி 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பப் பிரிவில் சேர்க்கப்பட்ட படிப்புகளுக்கு மட்டுமே அது மேலும் 24 மாதம் நீளும்.

பயன் பக்கத்தை மதிப்பிடும்போது, கையேட்டில் புன்னகைக்கும் பழைய மாணவர்களை நம்ப வேண்டாம். (‘உலகை மாற்றும் தலைவர்கள்’ என்ற தொடர் எத்தனை கையேடுகளில் வருகிறது என்று எண்ணுவதும் ஒரு பொழுதுபோக்குதான்.) வேலைவாய்ப்பு அறிக்கையைக் கேட்டு வாங்கி, எத்தனை மாணவர்கள் பதில் அளித்தார்கள், முனைவர் படிப்புக்குச் சென்றவரும் தற்காலிக ஒப்பந்தத்தில் இருப்பவரும் ‘பணியில் உள்ளோர்’ கணக்கில் சேர்க்கப்பட்டார்களா, சராசரிச் சம்பளத்தோடு இடைநிலைச் சம்பளமும் (சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சிலரின் பெரிய சம்பளம் சராசரியை உயர்த்திவிடும். இடைநிலையை அது அவ்வளவு எளிதில் அசைக்காது. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் படித்து முடித்தவர்களில் உங்களைப் போன்ற பின்னணி உள்ள ஐந்து பேரைக் கண்டுபிடித்து, முதல் வேலைக்கு எத்தனை மாதம் காத்திருந்தார்கள் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் நேர்மையாகவே இருக்கும்.

வளர்ச்சி உதவித் துறையை நம்பிப் படிப்பவர்கள் 2025ஐ மறந்துவிடக் கூடாது. 1961இல் தொடங்கிய அமெரிக்க வளர்ச்சி உதவி முகமை அந்த ஆண்டு ஜூலையில் மூடப்பட்டது. அதன் நிதியில் இயங்கிய அமைப்புகளிலும் பணிகள் பறிபோயின. ஒரு அரசின் முடிவால் ஆட்டம் காணும் சந்தைக்கு ஒரே ஒரு திறனோடு போவது ஆபத்து. வங்கிகளில் பொருளாதாரத் தடைகளைக் கண்காணிக்கும் பிரிவுகள், அரசியல் இடர் மதிப்பீட்டு நிறுவனங்கள், வணிகக் கொள்கை, விநியோகச் சங்கிலி ஆகியவை இந்தப் பட்டதாரிகளை எடுத்துக்கொள்ளும் இடங்கள். அங்கெல்லாம் கோட்பாட்டு அறிவைவிட, புள்ளியியலும், ஒரு பிராந்தியத்தைப் பற்றிய ஆழ்ந்த அறிவும், அரபு, சீனம், பிரெஞ்சு, ரஷ்யம், ஸ்பானியம் போன்ற ஐ.நா. மொழிகளில் ஒன்றில் அறிக்கை எழுதும் அளவுக்குத் தேர்ச்சியும் அதிகம் மதிக்கப்படுகின்றன. மொழிப் பயிற்சிக்குத் தனிக் கட்டணம் வாங்கும் படிப்பா, பாடத்திட்டத்திலேயே சேர்த்திருக்கும் படிப்பா என்பதையும் ஒப்பிடுங்கள்.

இடம் கிடைத்த பிறகும் பேச இடமுண்டு. வேறொரு பல்கலைக்கழகம் கூடுதல் உதவி தர முன்வந்திருந்தால், அந்தக் கடிதத்தை இணைத்து, மறுபரிசீலனை செய்ய முடியுமா என்று சேர்க்கை அலுவலகத்துக்குப் பணிவாக எழுதலாம். சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா, தள்ளிவைத்தால் உதவித்தொகை நிலைக்குமா என்பதையும் அதே மடலில் கேளுங்கள். முன்பணம் கட்டிய பின் இவற்றைக் கேட்டால் பதில் தாமதமாகவே வரும்.