லினக்ஸில் வைஃபை டிரைவர்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் நிறுவியதும் வைஃபை வரவில்லையென்றால், புதிதாக வருபவர்கள் காலங்காலமாக ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். கடவுச்சொல் பிழை, அணைந்து கிடக்கும் சுவிட்ச் எல்லாம் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். பணத்தையும் பொழுதையும் தின்பவை மட்டும் இங்கே.

பெட்டியில் உள்ள மாடல் பெயரை நம்பி வாங்குவது

வன்பொருளை இயக்கும் மென்பொருளான டிரைவருக்குத் தெரிவது உள்ளே இருக்கும் சிப் மட்டும்தான். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் அடாப்டரின் முதல் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர்9271 சிப் இருந்தது. அது கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) உள்ள டிரைவரிலேயே ஓடும். அதே பெயரில் வந்த இரண்டாம் பதிப்பில் இருப்பதோ ரியல்டெக் சிப், அதற்கு அந்த டிரைவர் பொருந்தாது. ஆகவே பதிப்பு எண்ணையும் பாருங்கள். கணினிக்குள் ஏற்கெனவே இருக்கும் கார்டு என்றால் டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' கொடுங்கள். யூஎஸ்பி என்றால் 'எல்எஸ்யூஎஸ்பி'. அதில் வரும் எண் ஜோடியை (தயாரிப்பாளர் எண், சாதன எண்) வைத்துத் தேடுங்கள்.

ஃபர்ம்வேர் இல்லாததற்கு டிரைவரைக் குறை சொல்வது

கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிஎம்இஎஸ்ஜி கட்டளையில் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) ஏறவில்லை, பிழை -2 என்று வந்தால், கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். ஃபர்ம்வேர் பேக்கேஜை நிறுவினால் போதும். டெபியன் 12 முதல் நிறுவியிலேயே அது சேர்ந்து வருகிறது. இன்டெல் டிரைவர் புதிய கோப்பில் தொடங்கிப் பழையது வரை வரிசையாகத் தேடும். அதனால் சில -2 வரிகளுக்குப் பின் ஃபர்ம்வேர் ஏறியதாக வந்தால் கவலை வேண்டாம்.

சோர்ஸை இறக்கி நேராக 'மேக் இன்ஸ்டால்' போடுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கிறது, ஏனென்றால் முதல் நாள் இது வேலை செய்துவிடும். அப்படி மூலநிரலிலிருந்து கட்டிய மாட்யூல் (கெர்னலில் ஏறும் டிரைவர் கோப்பு) அன்றைக்கு ஓடும் கெர்னலின் கோப்புறைக்குள் மட்டுமே போய் உட்காரும். அடுத்த அப்டேட்டில் புதிய கெர்னல் வரும், அதன் கோப்புறையில் மாட்யூல் இருக்காது. வைஃபை போய்விடும். மறுபடி கட்டலாமென்றால் அந்தக் கெர்னலுக்கான ஹெடர் பேக்கேஜ் (மாட்யூல் கட்டத் தேவையான கோப்புகள்) வேண்டும், அதை இறக்க இணையம் வேண்டும்!

முதலில், வெளி டிரைவர் தேவைதானா என்று பாருங்கள். ஆர்டிஎல்8821சியூ என்ற ரியல்டெக் யூஎஸ்பி சிப்புக்குக் கெர்னல் 6.2 முதலே ஆர்டிடபிள்யூ88 டிரைவர் உள்ளது. அதற்கு மேல் இன்னொன்றை ஏற்றினால் இரண்டும் ஒரே சாதனத்துக்குப் போட்டியிடும். ஒன்றை பிளாக்லிஸ்ட் செய்தாக வேண்டும், அதாவது ஏறாமல் தடுக்க வேண்டும்.

வேறு வழியே இல்லையென்றால் டிகேஎம்எஸ் வழியாக நிறுவுங்கள். ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அதுவே மாட்யூலைக் கட்டும். இங்கும் ஒரு பொறி உண்டு. பலர் 'யூநேம் -ஆர்' காட்டும், அதாவது இப்போது ஓடும் கெர்னல் பதிப்புக்கான ஹெடரை மட்டும் நிறுவுகிறார்கள். அடுத்த கெர்னலுக்கு ஹெடர் வராது, டிகேஎம்எஸ்-ஆல் கட்ட முடியாது. டெபியனில் 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64', உபுண்டுவில் 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்' என்ற மெட்டா பேக்கேஜை நிறுவினால் ஹெடர் தானாகக் கூடவே வரும். உபுண்டுவில் செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மாட்யூலைத் தடுக்கும் பாதுகாப்பு) இயங்கினால் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். ரீபூட்டில் வரும் நீலத் திரையில் 'என்ரோல் எம்ஓகே' (கையொப்பச் சாவியைப் பதிவுசெய்தல்) தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள். அந்தத் திரையைத் தாண்டிவிட்டால் கையொப்பம் ஏற்கப்படாது, மாட்யூலும் ஏறாது.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்கள் கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியே பழைய கெர்னலில் நுழையலாம். அல்லது ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி டெதரிங்கில் இணையுங்கள். பெரும்பாலும் தனி டிரைவர் கேட்காது.

என்டிஸ்ராப்பர்

விண்டோஸ் டிரைவரை லினக்ஸில் ஓட்டும், விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கருவி. வேண்டாம்.

ஏஎக்ஸ்211-ஐ எந்த மடிக்கணினியிலும் செருகுவது

இந்த இன்டெல் வைஃபை கார்டுக்கு ஒத்துப்போகும் இன்டெல் தளம் (பிராசசர், சிப்செட்) கட்டாயம். மற்றவற்றுக்கு ஏஎக்ஸ்210 வாங்குங்கள். அது வழக்கமான பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு, கெர்னல் 5.10 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும்.