பழைய பூம், பழைய டிரெய்லர்: இழுத்துச் செல்லும் பக்கெட் லிஃப்ட்

தென்னை மட்டை கழிக்க, விளக்கு மாட்ட என்று அடிக்கடி உயரம் ஏறுபவர்களுக்கு லிஃப்ட் வாடகை கட்டுப்படியாகாது. பழைய சாமானை வைத்து ஒன்றைச் சேர்த்துவிடலாம். ஆனால் ஆள் நிற்கும் பக்கெட்டைத் தூக்கும் நீண்ட இரும்புக் கையான பூமை மட்டும் நீங்களே செய்ய வேண்டாம். சதுரக் குழாயை வெல்டு அடித்தால் காசு மிச்சம்தான், ஏறப்போவது ஆளாயிற்றே.

முதலில் கண்டமான, அதாவது உதவாது என்று ஒதுக்கிய பக்கெட் வண்டி ஒன்றைத் தேடுங்கள். பூம், சிலிண்டர், பக்கெட், சுழல்மேடை எல்லாவற்றையும் ஒரே செட்டாக வாங்குவது நல்லது. பூம் மடங்கும் மூட்டுகளில் உள்ள பின்னை உருவிப் பாருங்கள். துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் லேத்தில் கடைந்து புது புஷ் (துளைக்குள் போடும் உலோக வளையம்) போட வேண்டும். வெல்டிங் ஓரத்துப் பெயிண்டைச் சுரண்டி டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் ஊறி அதை நிறமாகக் காட்டும் திரவம்) அடியுங்கள். விரிசல் தெரிந்தால் அந்தப் பூமை வாங்காதீர்கள். புதுப் பெயிண்ட் பளபளக்கும் பூம் என்றாலே எனக்குச் சந்தேகம்தான்.

அடுத்து டிரெய்லர். ஆள், கருவி, பக்கெட் சேர்த்து 150 கிலோ, பூம் 300 கிலோ என்று வையுங்கள். பூம் பக்கவாட்டில் 6 மீட்டர் நீண்டிருக்கிறது, அதன் எடை நடுவில் விழுகிறது. வண்டி கவிழ்ந்தால் டயர்க் கோட்டில்தான் சாயும்; ஒவ்வொரு எடையையும் அந்தக் கோட்டிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்க வேண்டும். டயர்க் கோடு மையத்திலிருந்து 0.8 மீட்டர் என்றால், கவிழ்க்கும் பக்கம் 150×5.2 + 300×2.2 = 1,440. டிரெய்லரின் எடை 1,200 கிலோ. தாங்கும் பக்கம் 1,200×0.8 = 960தான். வண்டி கவிழும்! ஜாக்கிக் கால்களை வெளியே இழுத்து அந்தக் கோட்டை 1.75 மீட்டருக்குக் கொண்டுபோனால் கவிழ்க்கும் பக்கம் சுமார் 1,010, தாங்கும் பக்கம் 2,100. காற்றும் குலுக்கலும் இருக்கும்போது இந்த இரண்டு மடங்கு அதிகமில்லை. உங்கள் அளவுகளைப் போட்டு ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியரிடம் சரிபாருங்கள். கால்களுக்கு அடியில் தடித்த பலகை வேண்டும். மழை பெய்த தோப்பு மண்ணில் ஒரு கால் புதைந்தாலே கணக்கு போச்சு.

ஹைட்ராலிக்கில் ஹோஸ் எல்லாம் புதிது. பழையது பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே ரப்பர் செத்திருக்கும். பூமைத் தூக்கும் சிலிண்டரின் மேலேயே ஹோல்டிங் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். ஹோஸ் வெடித்தாலும் எண்ணெய் வெளியேறாமல் பூமை நிறுத்தி வைப்பது அதுதான். பம்ப் நின்றால் பூமைக் கையால் இறக்கும் வழியும் வேண்டும்.

அப்புறம் சோதனை. பக்கெட்டில் ஆளில்லாமல், ஏற்றப்போகும் எடையைப் போல ஒன்றரை மடங்கு மணல் மூட்டை வைத்து, பூமை முழுதாக நீட்டி எல்லாத் திசையிலும் மெதுவாகச் சுற்றுங்கள். எந்தக் காலாவது தரையை விட்டு எழும்பினால் நிறுத்துங்கள். அரை மணி நேரம் அப்படியே விட்டு, பூம் இறங்குகிறதா என்று அளந்து பாருங்கள்.

ஏறுபவர் முழு உடல் பெல்ட்டை பூமில் உள்ள கொக்கியில் மாட்ட வேண்டும். இரும்பு பூம் மின்சாரத்தைத் தடுக்காது; லைன் பக்கம் வேலை என்றால் சப்ளையை நிறுத்திய பிறகுதான். ரோட்டில் இழுக்க டிரெய்லருக்கும் பதிவு வேண்டும். கிளம்பும் முன் நான்கு கால்களையும் உள்ளே தள்ளிப் பின் போட்டாயிற்றா என்று இறங்கி ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.